மழை நாட்களில் லெயாத்தா

பத்தொன்பது ஆண்டுகள், இருநூற்று எண்பத்தேழு குழந்தைகள். சவாயி தீவின் தென்கரையில் ஃபங்காலுவா ஊரில் மழலைப் பள்ளி நடத்தும் அகெனெசேயின் கணக்கு இது. "இதுல ஒரு பிள்ளைய நான் தப்பா எடை போட்டுட்டேன்" என்பார். உடனே திருத்திக்கொள்வார்: "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு."

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அப்பா பஸ் ஓட்டியவர். ஆசிரியர் பயிற்சிக்காகப் பக்கத்துத் தீவிலிருக்கும் தலைநகர் ஆப்பியாவுக்குப் போன அகெனெசே முதலாண்டுக் கணக்குத் தேர்வில் தோற்று ஊர் திரும்பினார். சும்மா இருக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு மழலைகளைப் பார்த்துக்கொள் என்றார் போதகரின் மனைவி. அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. ஊர்ப் பெண்களின் கிரிக்கெட் அணிக்கும் அவர்தான் தலைவி. எங்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது பேர் இறங்குவார்கள். அத்தனை பேரையும் ஒரே அதட்டலில் நிறுத்துகிறவருக்கு இருபத்தொன்பது மழலைகள் ஒரு பொருட்டில்லை.

பள்ளி என்பது போதகர் வீட்டை ஒட்டிய நீண்ட கூடம். சுவர் கிடையாது, தூண்கள்தான். மழை வந்தால் நாலு பக்கமும் ஓலைத் தட்டிகளை இறக்கிவிடுவார்கள். நடுத் தூணில் எழுத்துப் படம் தொங்குகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள்: கூடை, யானை, கோப்பை, சட்டை, கடிகாரம் என்று வரிசை போகும். டீச்சர் தென்னை ஈர்க்குக் கட்டால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். எங்கள் தீவில் இந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து கத்தாமல் வளர்ந்தவர் யாருமில்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் லெயாத்தா இந்தப் படத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நாலே கால் வயது. அப்பா யெலோமே சேப்பங்கிழங்குத் தோட்டக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அம்மா பிசிலா பாய் முடைகிறவர். முதல் நாள் லெயாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் ஒன்பது வயது அக்கா மெரீத்தா. எங்களிடம் சின்னதுகளைப் பெரியதுகள்தான் பார்த்துக்கொள்ளும். ஆகவே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர்களைக் கடக்கும்போது லெயாத்தா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அதுவும் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் மரியாதைதான்.

ஆறே வாரத்தில் படம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். மற்ற பிள்ளைகள் ஈர்க்கு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறப்பார்கள். லெயாத்தாவின் குரல் ஈர்க்கு விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே வந்துவிடும். ஊர் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தது. உங்கள் வீட்டு ரேடியோவை ஒரு வாரம் கடன் கொடு, எங்கள் வீட்டு மக்குக்குக் கேட்டாவது புத்தி வரட்டும் என்று கடைக்காரர் யெலோமேயைச் சீண்டுவார். யெலோமே சிரிக்காமல் இருக்கப் பார்ப்பார், முடியாது.

ஜூலையில் அகெனெசே மூன்று நாள் பயிற்சிக்காக ஆப்பியா போனார். அங்கே பயிற்சியாளர் ஒரு சிறுவனின் முன் ஐந்து கூழாங்கற்களை நெருக்கி வைத்து எண்ணச் சொன்னார். ஐந்து என்றான். அதே கற்களை அவன் கண் முன்னாலேயே அகலப் பரப்பி, இப்போது எத்தனை என்றார். நிறைய ஆகிவிட்டது என்றான் அவன். ஊருக்கு வந்த கையோடு அகெனெசே தன் பிள்ளைகளிடமும் அதைச் செய்து பார்த்தார். இருபத்தொன்பது பேரில் இருபத்திரண்டு பேருக்குக் கற்கள் 'நிறைய' ஆயின. இத்தனை வருடம் எண்களைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயில் வருவது ஒன்று, மனசுக்குள் பிடிபடுவது வேறொன்று என்ற பாடத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிசகு அந்தப் பிடியிலிருந்துதான் தொடங்கியது.

அக்டோபரில் குழந்தைகள் ஞாயிறு வந்தது. அன்று எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி, தேவாலயத்தில் வசனம் ஒப்பிப்பார்கள். வீட்டில் அவர்களுக்குத்தான் முதல் பந்தி. மெரீத்தா தங்கையைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். லெயாத்தா பதினான்கு வரியை ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் சொல்லி முடித்தாள். அவள் வயதில் அன்று சொல்லப்பட்டதிலேயே நீளமான வசனம் அது. யெலோமே பாடகர் வரிசையில் நின்றபடியே அழுதார்.

அடுத்த வாரம் மாவட்டச் செவிலி ரூத்தாவிடமிருந்து செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து கண், காது மருத்துவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வருவார்கள், இப்போது வந்திருக்கிறார்கள். ஒரு மழலைப் பள்ளிக்கு மூன்று பிள்ளைகள், சந்தேகமாக இருப்பவர்களை அனுப்பவும் என்று இருந்தது. வசனம் ஒப்பிக்கும்போது திக்கித் தடுமாறிய மூன்று பேரின் பெயரை அகெனெசே எழுதிக் கொடுத்தார். ஒருத்தியின் காதில் அழுக்கு எடுத்தார்கள். மற்ற இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில், ஐந்து வயதாகிறவர்கள் முதல் வகுப்புக்குத் தயாரா என்று பார்க்கும் சோதனை நடந்தது. அதற்கென்று இருபது பட அட்டைகள். பாயில் பரப்பி வைத்துப் பேர் சொன்னால் பிள்ளை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜோடி சேர்க்க வேண்டும். சேராததைச் சொல்ல வேண்டும். படம் பளிச்சென்று தெரியட்டும் என்று அகெனெசே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூடத்தின் கிழக்கு ஓரத்துக்கு, காலை வெயில் நேராக விழும் இடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

லெயாத்தா இருபதில் மூன்று எடுத்தாள். அட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஓரங்களைத் தடவினாள். பூனையைக் கேட்டபோது கோப்பையைக் கொடுத்தாள். அப்புறம் முகத்தை நிமிர்த்தி எழுத்துப் படத்தை முதலிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள். அகெனெசே நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார். அவள் மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தாள். பயிற்சியாளர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அகெனெசேக்குத் தோன்றியது. படிவத்தில் எழுதினார்: 'ஒப்பிக்கிறாள். பொருள் தெரியவில்லை. ஓராண்டு காத்திருக்கலாம்.'

பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னபோது யெலோமே படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"சர்ச்சுல அவ்வளவு பேரு முன்னாடி சொன்ன பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலங்கிறீங்களா?"

"ஒண்ணும் தெரியலன்னு சொல்லல. காதுல விழுந்தத அப்படியே திருப்பிச் சொல்றா. அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு..."

"அப்போ கிளிப்பிள்ளை."

அகெனெசே மறுக்கவில்லை. இன்றும் இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும்.

பிசிலா மட்டும் விடவில்லை. "வீட்டுல சில நேரம் எல்லாத்தையும் சரியாத்தான் எடுத்துத் தர்றா, டீச்சர். சாயங்காலம் ஆனா நல்லா சூட்டிகையா இருக்கா."

வீட்டில் எல்லாம் தெரிகிறது என்று சொல்லாத தாயை அகெனெசே பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

செய்தி கடைக்கு எட்ட ஒரு நாள் ஆயிற்று. ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டதாமே என்றார் அதே கடைக்காரர். யெலோமே வீட்டில் சட்டம் போட்டார். செல்லம் கொடுத்துத்தான் பிள்ளை கவனமில்லாமல் போனாள். இனி வீட்டு வேலை பழகட்டும். விருந்தாளிக்குக் கோக்கோ கொண்டுபோய்க் கொடுப்பது இனி அவள் பொறுப்பு. ஒரு ஞாயிறு உச்சிப்பொழுதில் சபை மூப்பர் வந்து வாசலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நல்ல வெயில். லெயாத்தா குனிந்த தலையோடு கோப்பையைக் கொண்டு வந்தாள். கால் மூப்பரின் முழங்காலில் இடித்தது. கொதிக்கிற கோக்கோ முழுவதும் அவர் தொடையில் கொட்டியது. யெலோமே எழுந்து மகளை அறைந்தார்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் எல்லோரும் கத்தும்போது, ஈர்க்கு விழுவதற்கு முன்னால் வருகிற அந்த ஒரு குரல் இல்லாத இடம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. அகெனெசேக்கு அது உறுத்தியது. கோபித்துக்கொண்டிருக்கிறாள், சரியாகிவிடும் என்று இரண்டு வாரம் விட்டார்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காற்றும் சேர்ந்ததால் நாலு பக்கத் தட்டிகளையும் இறக்கிக் கட்டினார்கள். கூடம் அந்திப்பொழுது போல மங்கியது. பிள்ளைகள் ஆங்காங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அகெனெசே படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், சோதனை அட்டைப் பெட்டி காணவில்லை என்று தேடிப் போனார். இருட்டு அதிகமாக இருந்த மூலையில் லெயாத்தா அதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் உதடு அசையவில்லை. அட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒன்றில் கோப்பை, புட்டி, கூடை. இன்னொன்றில் படகு, கார், குதிரை. யாரும் அப்படி அடுக்கச் சொல்லவில்லை. எழுத்துப் படத்தின் வரிசையும் அதுவல்ல.

அகெனெசே மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தார். குதிரையைக் காட்டி, "இது ஏன் இங்க?" என்றார்.

"அது மேல ஏறிப் போகலாமே."

இருபது அட்டைகளையும் கலைத்துப் போட்டுக் கேட்டார். பத்தொன்பது சரி. கடிகாரத்தை மட்டும் தட்டு என்றாள். முகத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று பின்னால் இருந்த தட்டியைத் தூக்கிப் பிடித்தார். மழை சற்று வெளுத்திருந்தது. வெளிச்சம் பாயில் விழுந்தது. மறுபடி பூனையைக் கேட்டார். எடுக்கப் போன லெயாத்தாவின் கை மணி அட்டையின் மேல் போய் நின்றது. மறுகையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

அகெனெசே தட்டியை இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கினார். ஏதோ விளையாட்டு என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மூடிடுங்க டீச்சர். வெளிச்சம் வந்தா படம் போயிடுது" என்றாள் லெயாத்தா. அப்புறம் சந்தேகம் வந்தவள் போல, "எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றாள்.

தினமும் காலையில் ஒரு பிள்ளை எழுந்து போய் வெயில் அட்டையையோ மேக அட்டையையோ தூணில் மாட்ட வேண்டும்; எது என்பதை டீச்சர் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பிள்ளைகள் போனதும் அகெனெசே அந்தப் பதிவேட்டை எடுத்தார். லெயாத்தாவைப் பற்றி 'இன்று நன்றாகச் செய்தாள்' என்று எழுதியிருந்த பதினொரு நாட்களில் ஒன்பது, மேக நாட்கள். எல்லாம் அவர் கையெழுத்து.

மறுநாள் பிசிலாவையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு செவிலி ரூத்தாவிடம் போனார். ரூத்தா அறையை இருட்டாக்கி, கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, நடுவில் சாம்பல் நிறப் புள்ளியாக; இடதில் பெரிது. வெயிலில் கண்மணி சுருங்கும்போது அந்தப் புள்ளி வாசலையே அடைத்துவிடுகிறது. மங்கலில் கண்மணி விரியும்போது புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் வழி கிடைக்கிறது. எழுத்துப் படத்தையும் ஈர்க்கையும் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தட்டும் தாளத்தை எண்ணிக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அதனால்தான் குரல் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. ஒப்பிப்பு வெறும் கிளிப்பேச்சு இல்லை. கிடைத்த ஒரே வழியாக அவள் போட்ட கணக்கு அது.

"கண்ணு இருந்தா மட்டும் போதாது" என்றார் ரூத்தா. "பாக்கறதுக்கு மூளை பழகணும். ஏழெட்டு வயசுக்குள்ள பழகலன்னா, அப்புறம் கண்ணைச் சரி பண்ணினாலும் மூளை அத ஏத்துக்கறது கஷ்டம். இடது கண்ணுதான் எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர்கள் எப்போது வருவார்கள் என்று பிசிலா கேட்டார்.

"இப்பத்தான் ஆறு வாரம் முன்னாடி வந்துட்டுப் போனாங்க. இனி மே மாசம்." ரூத்தா எழுதிக்கொண்டே, குற்றமாக இல்லாமல் சாதாரணமாகக் கேட்டார்: "உங்ககிட்ட மூணு பேரு கேட்டிருந்தேனே, டீச்சர்?"

பஸ்ஸில் திரும்பும்போது அகெனெசே பிசிலாவிடம் அந்த மூன்று பெயர்களையும் பதிவேட்டில் கண்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். பிசிலா மகளின் தலையைத் தடவிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அகெனெசே யெலோமேயின் வீட்டுக்குப் போனார். உள்ளே போகவில்லை. வீட்டு முன்னால் பரப்பிய சரளையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். பெருங்குற்றம் செய்தவரின் குடும்பம் பாயைப் போர்த்திக்கொண்டு இப்படி வந்து உட்காருவது எங்கள் வழக்கம். அவர் பாய் கொண்டுவரவில்லை, தனியாகத்தான் வந்திருந்தார். ஆனாலும் தெருவில் போனவர்களுக்குப் புரிந்தது. பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

பிசிலா படிவரை வந்தார். "உள்ள வாங்க டீச்சர். ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

வெகுநேரம் கழித்து யெலோமே வெளியே வந்தார். மன்னிப்பதென்றால் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போக வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. படியிறங்கி வந்து, அவருக்குப் பக்கத்தில் அதே சரளையில் உட்கார்ந்தார்.

"நீங்க எழுதினீங்க. நான் அடிச்சேன்" என்றார். "இதுல யாரு யாரை எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போறது?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லெயாத்தா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர்கள் உட்கார்ந்திருந்தது நாலு எட்டு தூரம்தான். அவள் திரும்பி மெரீத்தாவிடம் கேட்டாள்: "அக்கா, வெளிய யாரு பேசறது?"

அகெனெசே படிவத்தை மாற்றி எழுதினார். பிப்ரவரியில் லெயாத்தா முதல் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பறையின் இருண்ட மூலையில் இடமும், வகுப்புக்குள் தொப்பி போட அனுமதியும் அகெனெசே சண்டை போட்டு வாங்கியவை. திங்கட்கிழமை தோறும் மருத்துவமனைக்குப் போன் போட்டு, யாராவது முன்னதாக வருகிறார்களா என்று கேட்டார். வரவில்லை. மார்ச்சில் லெயாத்தாவின் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது.

மே மாதம் ஆப்பியாவில் இரண்டு கண்ணுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டவிழ்த்த அன்று அவள் முதலில் பார்த்துச் சொன்னது, மெரீத்தாவின் முகத்தில் இத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைத்தான். மெரீத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது கெட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வலது கண்ணால் கண் டாக்டரின் எழுத்து அட்டையில் கடைசிக்கு முந்தைய வரிவரை படிக்கிறாள். இடது கண்ணால் மூன்றாவது வரியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கண் பழக வேண்டும் என்பதற்காகத் தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை மறைத்து ஒட்ட வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு அகெனெசே அட்டைப் பெட்டியோடு போய்விடுகிறார். மாலை நாலு மணிக்கு நடக்கும் கிரிக்கெட் பயிற்சியை வேறொருத்தி பார்த்துக்கொள்கிறாள். லெயாத்தா மறைப்பைப் பிய்த்து எறிகிறாள், அழுகிறாள், அட்டைகளைக் குப்புறத் திருப்பிப் போடுகிறாள். "இந்தக் கண்ணு சோம்பேறி, டீச்சர். அத விட்டுட்டு நல்ல கண்ண வச்சே பாக்கறேனே" என்றாள் ஒரு நாள். சோம்பேறி கண் இல்லை, நான்தான் என்று சொல்ல அகெனெசேக்கு வாய் வரவில்லை. குதிரை அட்டையை எடுத்து நீட்டினார்.

பள்ளியில் இப்போது ஒவ்வொரு புதுப் பிள்ளையையும் வெயிலில் ஒரு முறை, தட்டி மறைவில் ஒரு முறை உட்கார வைத்துப் பார்க்கிறார். எழுத்துப் படம் அதே தூணில்தான் தொங்குகிறது. கத்துவதை அவர் நிறுத்தவில்லை. பழைய பதிவேடுகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பெயர்களில் அவருக்கு மனசு நிற்கிறது. 'மந்தம்' என்று அவர் கையால் எழுதிய பெயர்கள். ஒருவன் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தோட்ட வேலை செய்கிறான். இன்னொருத்தி ஆக்லாந்தில் இருக்கிறாள். அவளுடைய போன் எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ஆப்பியாவில் லெயாத்தாவின் இடது கண்ணுக்கு அடுத்த சோதனை. ஒரு வரியாவது கூடியிருந்தால் மறைப்பைத் தொடரச் சொல்வார்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். யெலோமேயும் மகளும் அகெனெசேயும் போகிறார்கள். கப்பல் காலை ஆறு மணிக்கு.